கிரீன்விச்சில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

லண்டன் கிரீன்விச் வானாய்வகத்தின் முற்றத்தில் ஓர் உலோகப் பட்டை பதித்திருக்கிறார்கள். உலகத்தின் பூஜ்ஜிய தீர்க்கரேகை அது. ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே என்று நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். ஆனா அங்கே நின்று போனில் ஜிபிஎஸ் பார்த்தால் 0 வராது, சுமார் 0.0015 டிகிரி மேற்கு என்று காட்டும். ஜிபிஎஸ்ஸின் பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது.

இரண்டில் எது தப்பு?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். அட்சரேகைக்கு பூமியே ஒரு தொடக்கம் கொடுத்திருக்கிறது: பூமத்திய ரேகை. தீர்க்கரேகைக்கு அப்படி எதுவும் கிடையாது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி, அதாவது மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. நம்ம இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி இருப்பது, 82.5 டிகிரி கிழக்கை வைத்துக் கணக்கிட்டதால்தான். ஆனா எந்த ஊரிலிருந்து எண்ணுவது? அதை மனுஷங்கதான் முடிவு பண்ணணும். 1884ல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளில் 22 கிரீன்விச்சுக்கு வாக்களித்தன. ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் ஒதுங்கிக்கொண்டன.

அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஜார்ஜ் ஏரி நிறுவி 1851 முதல் இயங்கிய ஒரு தொலைநோக்கி. வடக்கு தெற்காக மட்டும் திரும்பும். நட்சத்திரம் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும். அதைச் செங்குத்தாக நிறுத்த பாதரசப் பரப்பை மட்டமாகப் பயன்படுத்தினார்கள். சிக்கல் இங்கேதான். பாதரசமோ கொத்தனாரின் தூக்குக்குண்டோ, இரண்டுமே அந்த இடத்து ஈர்ப்பு விசைக்குத்தான் கட்டுப்படும். பூமிக்குள் பாறைகளின் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அதனால் கிரீன்விச்சில் 'கீழே' என்பது பூமியின் மையத்திலிருந்து துளி விலகியிருக்கிறது.

செயற்கைக்கோள்கள் சுற்றுவதோ பூமியின் நிறை மையத்தை. 1984ல் புதிய அமைப்புக்கு மாறியபோது, பூஜ்ஜியத் தளம் அந்த மையம் வழியாகப் போக வேண்டியிருந்தது. உலக நேரக் கணக்கில் குதிப்பு வரக்கூடாது என்பதால் அதன் திசையை மாற்றவில்லை. விளைவு, பழைய தளத்துக்கு இணையாக, 102 மீட்டர் தள்ளி ஒரு புதிய தளம். 2015ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதைக் கணக்குப் போட்டு விளக்கியது.

ஆக, ரெண்டுமே தப்பில்லை. ஏரி தன் காலடி ஈர்ப்பை நம்பினார், ஜிபிஎஸ் பூமியின் மையத்தை நம்புகிறது. எங்க தொழிலில், டைம்ஜோன் இல்லாத நேரத்தை நம்பாதே என்போம். தீர்க்கரேகையும் அப்படித்தான். எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்த பழைய இந்திய வரைபடத்தின் எண்ணை அப்படியே போனில் போட்டுப் பாருங்கள், வேறு இடத்தைக் காட்டும். எண்ணைக் கேட்கும்போது, எதிலிருந்து அளந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.