கெரிஸின் காலத்தைக் கணித்தல்

மலாய்த் தீவுக்கூட்டத்தின் கைவினைக் கத்தியாகிய கெரிஸைச் சேகரிப்போர், அதன் காலத்தை அறியப் பெரும்பாலும் உறையையும் பிடியையுமே முதலில் நோக்குவர். பழுதுற்றால் மாற்றப்படுவன அவை. அவற்றின் காலம் அலகின் காலமாகாது. அலகின் வடிவம், இரும்பின் தன்மை, நிக்கல் கலந்த இரும்பை மடித்தடித்து அமைத்த ‘பமோர்’ என்னும் வரிக்கோலம் ஆகியவற்றைக் கொண்டு காலத்தையும் இடத்தையும் உய்த்துணர்வதை ஜாவானியர் ‘தங்குஹ்’ என்பர். மலாயில் ஒத்திவைத்தலைக் குறிக்கும் அதே சொல்வடிவம், அங்கே மதிப்பீட்டைக் குறிக்கிறது. பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது.

ஆண்டு பொறித்த பழங்கெரிஸ் மிக அரிது. டச்சு மருத்துவர் கினாவுடின் பெயரால் வழங்குவதும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டதுமான கெரிஸின் அலகில் சக ஆண்டு 1264 காணப்படுகிறது. 78 கூட்டினால் கி.பி. 1342, மஜாபாகித் பேரரசின் காலம். (சுமத்திராவின் பாருஸில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் சகம் 1010-ஐயும் இவ்வாறே 1088 எனக் கொள்கிறோம்.) எனினும் அந்த அலகின்மேல் இராமாயணக் காட்சிகள் கொண்ட மெல்லிய செப்புத் தகடு போர்த்தப்பட்டுள்ளது. அலகு இன்னும் பழையது, மஜாபாகித் காலத்தில் அணிசெய்யப்பட்டது என்று கருதுவாரும் உளர். அவ்வாறாயின் 1264 என்பது கொல்லன் அலகை அடித்த ஆண்டன்று, அணிசெய்த ஆண்டு.