பாரோங் வாளும் கைத்துப்பாக்கியும்: சூலு மண்ணின் ஒரு கட்டுக்கதை

ஆயுத வரலாற்று நூல்களில் ஒரு கதை சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. பிலிப்பீன்ஸின் தென்கோடித் தீவொன்றில் வெண்ணிற ஆடை உடுத்திய முஸ்லிம் ஒருவன் வாளேந்தி ஓடி வருகிறான். அமெரிக்க அதிகாரி தம் ரிவால்வரிலுள்ள ஆறு குண்டுகளையும் அவன் மார்பில் செலுத்துகிறார். அவனோ நிற்காமல் வந்து, அதிகாரியை வெட்டிச் சாய்த்த பின்னரே விழுகிறான். இத்தகைய ‘மதவெறியரை’த் தடுத்து நிறுத்துவதற்காகவே 0.45 அங்குலக் கைத்துப்பாக்கி 1911ஆம் ஆண்டில் பிறந்தது என்று கதை முடிகிறது.

இக்கதையில் உண்மையும் உண்டு. உண்மையை மறைக்கும் திரையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது நமது கடமையாகும்.

முதலில் அந்த வெண்ணாடை மனிதர் யார் என்று பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டில் மணிலாவைக் கைப்பற்றிய ஸ்பானியர், தம் தாயகத்து மூர்களை நினைவிற்கொண்டு தெற்கிலிருந்த முஸ்லிம்களை ‘மோரோ’ என்றழைத்தனர். சூலு சுல்தானகத்தையும் மிந்தனாவோவையும் அவர்கள் மூன்று நூற்றாண்டுகள் போரிட்டும் முழுமையாக அடக்க முடியவில்லை. 1876இல் ஹோலோ நகரம் அவர்கள் கைக்கு வந்தது. படை திரட்டிப் போரிடும் வலிமை குன்றிய அந்நிலையில், தனியொருவராகச் சென்று எதிரியைத் தாக்கி மடியும் வழக்கம் தௌசூக் மக்களிடையே பெருகிற்று. ஸ்பானியர் அவர்களை ‘ஹுராமென்தாதோ’, அதாவது சத்தியம் செய்தவர், என்றனர். அம்மக்களோ ‘பராங் சபீல்’ என்றனர். ‘பராங்’ போரைக் குறிக்கும் மலாய் இனச்சொல். ‘சபீல்’ நாம் நன்கறிந்த ‘ஃபீ சபீலில்லாஹ்’விலிருந்து சென்றது. நீராடி, முடி மழித்து, வெண்ணாடை அணிந்து, இடுப்பையும் உறுப்புகளையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். தம் ஜனாஸாவுக்குத் தாமே ஆயத்தமாகும் செயல் அது.

இதை மார்க்கப் பித்தின் வெடிப்பாகக் காண்பது பிழை. தற்காப்பின் பிற வழிகள் அடைபட்ட ஒரு சமுதாயத்தின் இறுதி வழி அது என்பதை, ஸீஸர் அதீப் மஜூல் 1973இல் வெளியிட்ட ‘பிலிப்பீன்ஸில் முஸ்லிம்கள்’ போன்ற ஆய்வுகளைப் படிப்போர் உணர்வர். அதே வேளையில், சந்தைகளிலும் தெருக்களிலும் நிராயுதபாணிகள் வெட்டுண்ட நிகழ்வுகளும் நேர்ந்தன. அவற்றுக்கு ஃபிக்ஹில் இடம் தேடுவது வீண் முயற்சி.

இனி ஆயுதங்களுக்கு வருவோம். தௌசூக் மக்களின் கையில் இருந்தவை நெளிவாள் எனும் கிரிஸும் பாரோங்கும். பாரோங் இலை வடிவினது. முதுகு தடித்து, ஒருபுறம் மட்டும் கூர்மை கொண்டது. ஏறத்தாழ ஒரு முழ நீளம் உடையது. கையெட்டும் தூரத்தில் எலும்பையும் பிளக்கவல்லது. அமெரிக்கப் படையினரின் இடுப்பில் இருந்ததோ 1892இல் ஏற்கப்பட்ட 0.38 அங்குல ரிவால்வர். அதன் குண்டு பத்து கிராமுக்கும் சற்றுக் குறைந்த எடையுடையது, வேகமும் குறைவு. இக்குறை வெளிப்பட்டதும், 1873ஆம் ஆண்டு மாதிரியான பழைய 0.45 ரிவால்வர்களைக் கிடங்குகளிலிருந்து எடுத்து, குழாயைக் குறுக்கிப் படைக்கு மீண்டும் வழங்கினர். கதையின் உண்மைப் பகுதி இதுவே.

1904இல் அமெரிக்க இராணுவம், படைக்கலத் துறையின் கேப்டன் ஜான் தாம்ஸனையும் மருத்துவத் துறையின் மேஜர் லூயி லகார்டையும் கொண்ட குழுவொன்றை அமைத்தது. அவர்கள் சிக்காகோ இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகள் மீதும், பின்னர் மனிதச் சடலங்கள் மீதும் பல்வேறு குண்டுகளைச் சுட்டுப் பார்த்தனர். குண்டின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது அவர்களின் முடிவு. இதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதே அறிக்கை, உடலின் பெரும்பகுதியில் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் எதிரி உடனே நிற்பான் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே குறிபார்த்துச் சுடுவதில் இடைவிடாப் பயிற்சி தேவை என்றும் கூறியதை எடுத்துக்காட்டுவோர் அரியர்.

மருத்துவமும் இதையே உறுதி செய்கிறது. மூளையோ தண்டுவடமோ சிதைந்தாலன்றி மனிதன் உடனடியாகச் செயலிழப்பதில்லை. இதயம் துளைபட்ட பின்னும் மூளையில் எஞ்சியுள்ள பிராணவாயு பத்துப் பதினைந்து வினாடிகளுக்குப் போதும். ஆறு குண்டேற்றும் ஓடி வந்தவரின் ஆற்றலுக்கு ஈமானின் உறுதி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதன் அடிப்படை மனித உடலின் பொது இயல்பு. லகார்ட் தம் நூலில் காட்டும் புகழ்பெற்ற சான்றைப் பாருங்கள். 1905 அக்டோபரில் தப்பியோட முயன்ற கைதி ஒருவன் நெருக்கத்தில் 0.38 குண்டுகள் நான்கு பாய்ந்தும் விழவில்லை. இறுதியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்தே அவனை மடக்கினர். அது நிகழ்ந்தது சமார் தீவில். சமார் மோரோ நாடன்று. கிறிஸ்தவ விசாயர்களின் தீவு!

ஆக, நெருக்கச் சண்டையில் வெற்றியைத் தீர்மானிப்பவை தூரமும் நேரமுமே. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டுய்லர் ஓர் எளிய சோதனையை எழுதி வெளியிட்டார். கத்தியேந்தியவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்து விடுகிறான். பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் அதே நேரமே ஆகிறது. அந்த எல்லைக்குள் வாளும் துப்பாக்கியும் ஏறத்தாழச் சமம். எல்லைக்கு வெளியே துப்பாக்கியின் கை ஓங்குகிறது.

ஹோலோவின் ஆட்சியாளர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். மதில் சூழ்ந்த அந்நகரின் வாயிலிலேயே மோரோக்களின் ஆயுதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. அமெரிக்கர் கண்ட பெரிய தீர்வோ வேறு. அது நெருக்கத்தையே ஒழிப்பது. சமயத்தில் தலையிடோம் என்று 1899 ஆகஸ்டில் சுல்தான் இரண்டாம் ஜமாலுல் கிராமுடன் செய்த பேட்ஸ் உடன்படிக்கையை 1904இல் அவர்களே முறித்தனர். வரிவிதிப்பை எதிர்த்த தௌசூக் குடும்பங்கள் புத் தாஹோ எனும் எரிமலை வாயில் தஞ்சமடைந்தன. 1906 மார்ச்சில் லெனார்ட் வூட்டின் படை அம்மலையைச் சூழ்ந்தது. பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கியும் ரைபிள்களும் மேலிருந்து பொழிந்தன. பெண்களும் குழந்தைகளும் உட்பட 600 பேர் மாண்டதாக வூட் அறிவித்தார். 800 முதல் 1,000 வரை என்பர் பிறர். அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் ஏறக்குறைய 20 பேர். சடலங்கள் நிறைந்த அகழியின் விளிம்பில் படையினர் நிற்கும் புகைப்படம் இன்றும் உள்ளது. மார்க் ட்வைன் இதைக் கண்டித்து எழுதியவை அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின.

புதிய கைத்துப்பாக்கி 1911 மார்ச் 29இல் ஏற்கப்பட்டு, பேரளவில் படைக்குச் சேர்வதற்குள் சூலுவின் பெரும் மோதல்களில் பல முடிந்துவிட்டன. பெரிய விட்டத்துக்குக் குதிரைப்படையினரின் கோரிக்கையும் ஒரு காரணமாக இருந்தது. ஓடும் குதிரையையும் நிறுத்தும் குண்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் பெர்ஷிங் ஆயுதப் பறிப்பு ஆணையை வெளியிட்டார். துப்பாக்கிகளோடு கிரிஸும் கம்பிலானும் தடைசெய்யப்பட்டன. வேலைக்குரிய கருவியாயின் அலகு 15 அங்குலத்துக்குக் குறைந்திருக்க வேண்டும் என்றது ஆணை. டிசம்பரில் நூற்றுக்கணக்கானோர் மீண்டும் புத் தாஹோ மீது ஏறினர். இம்முறை பெர்ஷிங் சுடுவதற்கு விரையவில்லை. மலையைச் சூழ்ந்து காத்திருந்தார். தூதர்களை அனுப்பிப் பேசினார். பெரும்பாலோர் கீழிறங்கி வந்தனர். உயிரிழந்தோர் மிகச் சிலரே. ஆயினும் பதினெட்டே மாதங்களில், 1913 ஜூனில், புத் பக்ஸாக் மலையில் அவரது படையே ஐந்து நாள்கள் பீரங்கி முழக்கியது.