பின்சந்து பிறந்த கதை

பெங்களூர் பீன்யாவில் ஷிப்ட் முடிந்து பச்சைத் தட மெட்ரோ ஏறினால், யஷ்வந்த்புரம் தாண்டிச் சம்பிகே ரோட்டில் இறங்கலாம். அங்கிருந்து மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களுக்குள் நடந்தால், வீடுகளின் முதுகை ஒட்டி ஒடுங்கிய சந்துகள் ஓடும். ‘கன்சர்வன்சி’ என்பார்கள். இன்று அங்கே ஸ்கூட்டர் நிற்கிறது, துணி காய்கிறது. அந்தக் காலத்துப் பின்சுவர் ஏதாவது தப்பியிருந்தால் குனிந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் வேறு செங்கல் வைத்து அடைத்திருக்கும். கழிப்பறை வாளியை வெளியே இழுத்த வாய் அது.

இந்தச் சந்துக்கு மூலம் இங்கிலாந்தின் சாவுக் கணக்கில் இருக்கிறது. 1837இல் அங்கே பிறப்பு, இறப்புகளை அரசே பதியத் தொடங்கியது. யார் செத்தார் என்பதோடு எதனால் செத்தார் என்றும் எழுதினார்கள். பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் பார் அந்தக் காரணங்களை வட்டாரவாரியாகக் கூட்டினார். நெரிசலும் சாக்கடையும் மிகுந்த இடங்களில் ஆயுள் குறைவது எண்ணாகவே தெரிந்தது. 1842இல் எட்வின் சாட்விக்கின் சுகாதார அறிக்கை, 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம். நாற்றக் காற்றுதான் நோய் தருகிறது என்று அவர்கள் நம்பியது தவறு. கழிவை வீட்டைவிட்டு அகற்று என்ற முடிவு சரி. அப்படி அள்ளுவதற்காக வீட்டுக்குப் பின்னால் தனிவழி விடும் வழக்கம், ராணுவக் கன்டோன்மென்ட்டுகளோடும் பொறியாளர்களோடும் இந்திய ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

1890களில் மைசூர் அரசு மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் புதிய குடியிருப்புகளாக வகுத்தது. முன்னால் தெரு, பின்னால் சந்து. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ரயில் ஏறி வந்த நோய் அது. பழைய ஊரான பேட்டையின் நெருக்கமான வீடுகளில் முதலில் எலி விழுந்தது, பிறகு ஆட்கள் விழுந்தார்கள். பயந்து வெளியேறிய பலர் புதிய குடியிருப்புகளுக்கு வந்தார்கள். கன்டோன்மென்ட்டில் தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பிளாக்பள்ளியின் நெரிசலைக் குறைக்க 1906இல் பிரேசர் டவுன் வேலை தொடங்கியது. எலி அண்டாத வீடுகளை அங்கே திட்டமிட்ட பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத ஊரை அமைப்பது பற்றி 1914இல் புத்தகமே எழுதினார்.

வீட்டுக்குள் இருந்தவர்களைச் சந்து காப்பாற்றியது. சந்துக்குள் நடந்தவர்களை? விடிவதற்கு முன் அந்தச் சதுரத்துக்குள் கைவிட்டு வாளியை இழுத்தவர்கள், பிறந்த சாதியால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். வாசல் பக்கம் அவர்கள் வரவே தேவையில்லாதபடி வீடு கட்டப்பட்டிருந்தது. ஊரின் சுகாதாரம் அவர்கள் உடம்பின் மேல் நின்றது. மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தை 1970களில் கர்நாடக அமைச்சர் பசவலிங்கப்பா தடைசெய்தார். நாடாளுமன்றத்தின் சட்டம் 1993இல்தான் வந்தது. 2013இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று தேவைப்பட்டது. சாக்கடைக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

திரும்பிப் பீன்யாவுக்கே வருவோம். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைக்க வந்த நம் ஆட்கள் லேத்திலும் முலாம் பட்டறையிலும் நிற்கும் இடம். முலாம் பூசக் கரைக்கும் குரோமியம் இங்கே நிலத்தடி நீரில் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. இங்கே ஒருவர் செத்தால், எதனால் என்று யார் எழுதுகிறார்கள்? 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான்.

வில்லியம் பார் கூட்டிப் பார்த்தது, சாவின் காரணம் எழுதும் ஒரு கட்டத்தைத்தான். நம் வீட்டில் சாவு விழுந்தால், எத்தனை துக்கத்திலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. என்ன வேலை பார்த்தார், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று டாக்டரிடம் சொல்லி, காரணத்தை எழுதி வாங்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது உதவும்.