ஸ்டீவன்ஸின் கண்ணீர்: நம்பகமற்ற கதைசொல்லியும் வாசக நம்பிக்கையும்

1923ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் டார்லிங்டன் மாளிகையில் பன்னாட்டுப் பிரமுகர்களுக்கு விருந்து நடக்கிறது. தலைமைப் பணியாளர் ஸ்டீவன்ஸ் மதுக் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். மாடியறையில் அவருடைய தந்தை சாகக் கிடக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று ஓர் இளைஞர் ஸ்டீவன்ஸைக் கேட்கிறார். சற்று நேரத்தில் டார்லிங்டன் பிரபு, அழுவதுபோல் தெரிகிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, வேலைக் களைப்பு என்று சமாளிக்கிறார்.

கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' (1989) நாவலில் இக்காட்சியை நமக்குச் சொல்பவர் ஸ்டீவன்ஸேதான். தாம் அழுததாக அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் அவர் அழுதார் என்பதில் வாசகருக்கு ஐயமே எழுவதில்லை. பிரபுவின் சொல்லை ஒளிக்காமல் நம் காதில் போட்டவரும் அவரே அல்லவா? அவர் கேட்டதை நாம் முழுவதும் நம்புவதால்தான், அவர் சொல்லும் விளக்கத்தை நம்ப மறுக்கிறோம்.

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கலைச்சொல்லை 1961இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் அறிமுகப்படுத்தியபோது, படைப்பின் மதிப்பீடுகளிலிருந்து விலகி நிற்பவர் என்றே வரையறுத்தார். வகுப்பறைகளில் அது 'பொய் சொல்பவர்' என்று சுருங்கிவிட்டது. நிகழ்ந்ததைச் சொல்வது, அதற்குப் பொருள் காண்பது, அதை மதிப்பிடுவது என்னும் மூன்று நிலைகளிலும் பிழை நேரலாம் என்று கதையியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபெலன் பின்னர் பிரித்துக் காட்டினார். வாசகர் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறார் என்பது இந்தப் பிரிவையே சார்ந்தது என்பது என் வாதம்.

கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' (2012) நாவலில் கதைசொல்லிகளுள் ஒருவரான ஏமியின் நாட்குறிப்பு புனையப்பட்டது என்று பாதி வழியில் தெரியவருகிறது. வாசகர் திடுக்கிட்டுப் பின்னால் புரட்டுகிறார். அங்கே பிழை முதல் நிலையில் இருக்கிறது. உண்மை வெளிப்பட்டதும் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. ஸ்டீவன்ஸிடம் அப்படித் தீர்வதில்லை. மாளிகையில் உடன் பணியாற்றிய மிஸ் கென்டனின் அறைக் கதவுக்கு வெளியே, உள்ளே அவர் அழுகிறார் என்ற உறுதியோடு தாம் நின்ற கணம் அவர் நினைவில் இருக்கிறது. மிஸ் கென்டனின் அத்தை இறந்த செய்தி வந்த நாளில் அது நடந்ததாக முதலில் சொல்கிறார். பிறகு தாமே திருத்துகிறார்: இன்னொருவரை மணக்க ஒப்புக்கொண்டதை மிஸ் கென்டன் தெரிவித்த இரவு அது. யாரும் கேட்காமலே வரும் திருத்தம். இழப்பு ஒன்றுதான், அதன் காரணத்தைத்தான் அவர் மாற்றி வைத்திருந்தார். இங்கே வாசகருக்குக் கோபம் வருவதில்லை, நெஞ்சு கனக்கிறது.

அதற்காக அவரை விடுவித்துவிட முடியாது. யூதர்கள் என்பதற்காகவே இரு பணிப்பெண்களை நீக்கச் சொன்ன பிரபுவின் ஆணையை அவர் மறுபேச்சின்றி நிறைவேற்றுகிறார். தமக்கும் அது வருத்தமே என்று நெடுநாள் கழித்துச் சொல்லும்போது, அதை அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று மிஸ் கென்டன் கேட்கிறார். வாசகரின் கேள்வியும் அதுவே. பரிவும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் எழுகின்றன. 'நம்பகமற்ற' என்ற ஒற்றை அடைமொழியால் இந்த இரட்டை நிலையைத் தாங்க முடியாது.

விவேக் ஷான்பாக்கின் கன்னடக் குறுநாவல் 'காச்சர் கோச்சர்' இந்தச் சிக்கலை நம் வாசலுக்கே கொண்டுவருகிறது. மசாலா வணிகத்தால் திடீரெனச் செல்வம் கண்ட பெங்களூர்க் குடும்பத்தின் மகன் கதை சொல்கிறான். சித்தப்பாவைத் தேடிக் குழம்புடன் ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். வீட்டுப் பெண்கள் அவளை ஏசி விரட்டுகிறார்கள். அவன் தடுக்கவில்லை, தடுக்காததை மறைக்கவும் இல்லை. பழைய வீட்டில் எறும்புகளைக் கொன்ற கதையை நாமும் ரசித்துத்தான் படித்திருப்போம். மனைவி அனிதா வீடு திரும்பாத பகுதிக்கு வரும்போது, அவளுக்கும் அதே கதிதானோ என்ற ஐயத்தில் அந்த ரசனை தொண்டையில் சிக்குகிறது.

கன்னடத்தின் 'நாவு' என்னும் தன்மைப் பன்மைச் சொல் கேட்பவரைச் சேர்த்தும் நிற்கும், விலக்கியும் நிற்கும். தமிழில் 'நாங்கள்', 'நாம்' என்று பிரித்தாக வேண்டும். குடும்பத்தைப் பற்றி அவன் பேசும்போது தமிழில் 'நாங்கள்' என்பதே இயல்பு. வாசகரும் வெளியாளாக நின்று கேட்கலாம். ஆனால் அந்த நாவல் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக 'நாம்' என்ற இடத்துக்கு நகர்த்திவிடுகிறது என்பதே என் வாசிப்பு அனுபவம். ஸ்டீவன்ஸிடம் நாம் சாட்சி, இங்கே உடந்தை.

எனவே தமிழ்த் திறனாய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கதைசொல்லியை நம்பகமற்றவர் என்று எழுதும்போது, எந்தப் பொருளில் அவரை நம்ப முடியவில்லை என்பதையும், எதில் அவரை முழுக்க நம்பித்தான் அந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.