தில்லைத் திருநந்தவனம்

வண்டு தீண்டுமுன் மலர் கொய்தற்குப் புலிக்கால் பெற்ற முனிவர் வரலாறு அன்பர் அறிந்ததே. அத்தொண்டு பின்னாளிற் பலர் தொழிலாய் விரிந்தது. 13ஆம் நூற்றாண்டில், பிற்சோழரும் கோப்பெருஞ்சிங்கனும் ஆண்ட காலத்துத் தில்லைக் கல்வெட்டுக்களில், திருநந்தவனப்புறமாக நிலம் விட்ட செய்திகள் பல உள. நந்தவனக் குடிகளின் பிழைப்புக்கு வகை செய்திருத்தல் கருதற்பாலது. என்னை? இளவேனிலிற் பாதிரி, கார் தொடங்குமுன் கொன்றை, மழைநாளில் தும்பை என மலர் மாறினும் நாட்பூசை மாறாது. இடைப்பட்ட நாட்களுக்கு அலரியும் நந்தியாவட்டையும் வேண்டும். அவற்றிற்கு நீரிறைக்க ஆள் வேண்டுமன்றோ! குடியை மறந்து நிலம் மட்டும் விட்டால் ஒரு கோடையும் தாங்காது. 16ஆம் நூற்றாண்டிற் கமலை ஞானப்பிரகாசர் மலர்க்கெனவே புட்பவிதி என ஒரு நூல் செய்தார். ஊர்க்குப் பெயர் தந்த தில்லையோ, பால் கண்ணைக் கெடுப்பதாதலின், மாலைக்கு உதவாது; கிள்ளையை அடுத்த பிச்சாவரக் கழியில் இன்றும் செறிந்து நிற்கின்றது.