முடுக்கம்

முடுக்கம் (பெயர்ச்சொல்): திசைவேகம் நேரத்தோடு மாறும் வீதம். அலகு: மீட்டர்/வினாடி².

வேர்: 'முடுகு', அதாவது விரை, நெருங்கு. 'பெருகு' பெருக்கம் ஆனதுபோல 'முடுகு' முடுக்கம் ஆயிற்று. விரைந்தோடும் சந்தத்தை யாப்பிலக்கணம் 'முடுகு' என்கிறது. மாட்டை விரட்டுவதும் திருகாணியை இறுக்குவதும் 'முடுக்குதல்'.

வழக்கு: பெரியபட்டினம் பள்ளிப் பிள்ளைகள் 'முடுக்கம்' என்று படிப்பதை, மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கைப் பிள்ளைகள் 'ஆர்முடுகல்' என்று படிக்கிறார்கள். வேகம் குறைவது இங்கே 'எதிர் முடுக்கம்', அங்கே 'அமர்முடுகல்'. ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். இரு கரையிலும் வேர் ஒன்றே. ஆனால் 'வேகம்' என்ற சொல்லில் கவனம் வேண்டும்: நம் பாடநூலின் 'திசைவேகம்'தான் இலங்கையில் 'வேகம்', நம் 'வேகம்' அங்கே 'கதி'.

பொருள்: கரையில் நிற்கும் வல்லம் 8 வினாடியில் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தை எட்டினால், சராசரி முடுக்கம் 0.5 மீட்டர்/வினாடி². பிறகு சீராக நேரே ஓடினால், எவ்வளவு விரைவானாலும் முடுக்கம் சுழி. வேகம் மாறாமல் வளைந்து திரும்பினாலோ முடுக்கம் உண்டு; திசை மாறுகிறதே!

அளவை: கருவி முடுக்கமானி. கைப்பேசிக்குள் இருப்பதில், நுண்ணிய சிலிக்கன் விற்களில் தொங்கும் சிறு நிறை அசைய, மின்தேக்குத்திறன் மாறுகிறது; அதிலிருந்து முடுக்கம் கணிக்கப்படுகிறது. மேசையில் சும்மா கிடக்கும்போது அது ஏறத்தாழ 9.8 காட்டும், தடையின்றி விழும்போது சுழி காட்டும். விழும் பொருளோடு சேர்ந்து அந்த நிறையும் விழுவதால் வில் வளைவதில்லை.