சாமி குதிரைக்கு லாடம் எதற்கு?

வடசென்னை பார்த்த கதைகள் – 9

சென்ற வாரம்: 1985-இல் தூர்தர்ஷனில் ‘கரம்சந்த்’ வந்தபோது, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள் அதைப் பார்த்த கதையைச் சொன்னேன். துப்பறிவாளராக வந்த பங்கஜ் கபூர் கேரட்டைக் கடிக்கிற கடியை வைத்தே “ஆளு மாட்டிக்கினான்” என்று தீர்ப்பு எழுதியவர்கள் நம் ஆட்கள். அதற்குப் பல வருஷம் கழித்து, கொருக்குப்பேட்டையில் ஓர் இரவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அந்த இரவில் கேட் சாத்தியிருந்தது.

கொருக்குப்பேட்டைக்காரருக்கு இந்த இரண்டு சொல்லே முழுக் கதை. கும்மிடிப்பூண்டி லோக்கல் போகும், கேட் திறக்காது. வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் போகும், அப்போதும் திறக்காது. பிறகு கூட்ஸ் வண்டி ஒன்று, எண்ணி முடியாத பெட்டிகளோடு, ஊர்ந்து ஊர்ந்து வரும். வேலைக்குத் தாமதம், பள்ளிக்கூடத்துக்குத் தாமதம், பெண் பார்க்கப் போன இடத்துக்குத் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஒரே காரணம்தான். அதை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

1998. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை முடித்துச் சைக்கிளில் வந்த எதிர்வீட்டு அண்ணன் கேட்டில் மாட்டிக்கொண்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எங்கள் வீட்டு டயனோரா பெட்டி. அதன் முன்னால் தெருவில் பாதி. பெட்டிக்குள் இருட்டில் ஒரு குதிரை வந்துகொண்டிருந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் நின்றே கேட்டார்.

“இன்னா ஆச்சு? யாருன்னு காட்டிட்டானா?”

மூன்று பேர் பதில் சொன்னார்கள். மூன்றும் வேறு வேறு கதை!

*

அந்த மூன்றையும் சொல்வதற்கு முன், பெட்டிக்குள் ஓடியது எது என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14. இடைப்பட்ட காலத்தில், பெட்டியில் எது சரியில்லை என்றாலும் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடுவோம். தூர்தர்ஷனில் ‘எதிரொலி’ என்று ஒரு நிகழ்ச்சி. நிலைய இயக்குநராக இருந்த ஏ. நடராஜன் நேயர் கடிதங்களுக்கு அதில் பதில் சொல்வார். நம் கடிதத்தைப் படித்துவிடுவாரா என்று அதற்காகவே உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. பார்க்கிறவனுக்கும் பேச வாயிருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி அது.

கேபிள் வந்ததும் கார்டு போயிற்று. வாய் போகவில்லை. அது தெருவுக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்மதேசம்’ வரிசையைத் தொடங்கியது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. முதலில் ‘ரகசியம்’. அடுத்து, 1997, 98 வாக்கில், ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விட்டு விடு கருப்பா’ நாவல்தான் அதற்கு மூலம்.

தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே காவல் தெய்வம் கருப்பு. தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கருப்பு தண்டித்தது என்கிறது ஊர். சேத்தன் நடித்த ராஜேந்திரனும், தேவதர்ஷினி நடித்த டாக்டர் ரீனாவும் இந்தக் கதைக்குள் வந்து சேர்கிறார்கள். கதை ஒரு காலில் அன்றைக்கும் இன்னொரு காலில் இன்றைக்கும் நடக்கும்.

வழக்கமான துப்பறியும் கதையில் கேள்வி ஒன்றுதான்: கொன்றது யார்? இதில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நின்றது. கொன்றது மனுஷனா, சாமியா? ஷெர்லாக் ஹோம்ஸுக்கே இந்தச் சங்கடம் உண்டு. நாய் பிசாசா, வளர்ப்பு நாயா என்று அவரும் ஒரு கதையில் திணறினார். ஆனால் அந்தப் பிசாசு நாய்க்கு அங்கே யாரும் கிடா வெட்டிப் பொங்கல் வைத்ததில்லை. கருப்பு அப்படியில்லை. எங்கள் தெருவில் கருப்பைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேக வளையத்தில் நிறுத்தப்பட்டிருந்தது அவர்கள் வீட்டுச் சாமி!

இப்போது அந்த வாசலுக்குப் போகலாம்.

*

முதல் பதில் இட்லிக்கடை ஆயாவுடையது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். நாற்பது வருஷம் வடசென்னைத் தண்ணீர் குடித்தும் பேச்சு மாறவில்லை.

“கருப்பு வந்துச்சுய்யா. கணக்கத் தீத்துட்டுப் போயிருச்சு. காட்டுறதுக்கு அதுல என்ன இருக்கு?”

இரண்டாவது, பிரசிடென்சியில் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று மாத நாவல்களை வாடகைக்கு எடுத்துப் படித்துத் தேறியவர். “இன்னைக்கு யாரு ரொம்ப நல்லவரா பேசினாங்கன்னு பாத்தீங்களா? அவருதான். இது ரூல்ணா” என்றார்.

மூன்றாவது, கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்து, தொடர் பார்க்க இந்தப் பக்கம் வருகிற தாத்தா. ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டியவர். அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“அந்தக் குதிரைக்கு லாடம் அடிச்சிக்கீது. சத்தத்தக் கேட்டியா, டக்கு டக்குனு? சாமி குதிரைக்கு லாடம் எதுக்குடா? ஆளுதான் இது.”

வாசலே அடங்கிப்போனது. கொலையாளி பிடிபட்ட மாதிரிதான். எதிர்வீட்டு அண்ணன் சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே குந்திவிட்டார்.

ஆனால் வழக்கு மறுநாள் காலை அடிபம்பில் திரும்பவும் விசாரணைக்கு வந்தது. குடங்கள் வரிசையில் நிற்க, தாத்தா ராத்திரி முழுக்க யோசித்த முகத்தோடு வந்து சேர்ந்தார். தன் சாட்சியத்தில் ஒரு திருத்தம் என்றார்.

“மண்ணு ரோட்டுல லாடக் குதிரை வந்தா பொத்து பொத்துனுதான் கேக்கும். நேத்து கேட்டது தார் ரோட்டுச் சத்தம். பாரிஸ் கார்னர்ல நான் முப்பது வருஷம் கேட்ட சத்தம். அந்த ஊர்ல தார் ரோடே கிடையாது. இவனுங்க அப்பால சேத்துக்கினானுங்க!”

ஒலிப்பதிவுக் கூடத்தில் சத்தம் சேர்த்ததைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் மனிதர். தொடர் எடுத்தவர்கள் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்கள். ஆயா மெச்சவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

“மண்ணு ரோட்டுல தாரு ரோட்டுச் சத்தம் வருதுன்னா, அப்ப அது சாமி குதிரதானய்யா?”

தாத்தாவுக்கு அதற்குப் பதில் இல்லை.

*

இப்படி வாரம் ஒரு நாள் படம் ஓடும். மீதி ஆறு நாள் வழக்கு ஓடும். தவறவிட்ட பகுதியைத் திரும்பப் பார்க்க வழியில்லை. கேட்டில் மாட்டியவன், ஷிஃப்டு மாற்றம் கிடைக்காதவன், கேபிள் காசு கட்டாததால் கனெக்‌ஷன் போனவன் எல்லாரும் பிறர் வாயால்தான் கதை கேட்க வேண்டும். சொல்கிறவர் தனக்குப் பிடித்த சந்தேகத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்துத்தான் சொல்வார்.

அப்போது எனக்குப் புரியாத ஒன்று, இப்போது புரிகிறது. யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பதில் அவரவர் கதை இருந்தது. மூன்று வருஷமாகத் தினத்தண்டல் கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா, திரையில் பணக்காரர் யார் வந்தாலும் “இவன்தான், மூஞ்சியப் பாரு” என்பார். மருமகளோடு சண்டை போட்டிருந்த மாமியாருக்கு, வெளியூரிலிருந்து வந்த படித்த பெண் மேல் சந்தேகம். தொடரில் கிழவி வேஷத்தில் வந்த சி.டி. ராஜகாந்தம் மேல் மட்டும் எங்கள் தெருப் பெரியவர்கள் விரல் நீட்டவே இல்லை. 1941-இல் வந்த ‘சபாபதி’யில் காளி என். ரத்தினத்தோடு சேர்ந்து அவர்களைச் சிரிக்க வைத்தவர் அந்த அம்மா. “நம்ம ராஜகாந்தம் கொல பண்ணுமா? வேலையப் பாருபா!”

சந்தேகப்படுவதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை. ஆறு நாள் நேரம் இருந்தால் போதுமாக இருந்தது.

*

இது நம் ஊரில் மட்டும் நடந்த கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். 1962 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ‘கழுத்துத் துணி’ என்று ஒரு துப்பறியும் தொடர். பிரிட்டிஷ் எழுத்தாளர் பிரான்சிஸ் டர்பிரிட்ஜின் கதை, ஆறே பகுதி. அது ஓடும் நேரத்தில் தெருக்கள் காலி, தியேட்டர்கள் காலி. தொலைக்காட்சி வைத்திருந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் அதன் முன்னால் இருந்தார்கள். அங்கே இப்படிப்பட்ட தொடர்களுக்குத் ‘தெருக்கூட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடைசிப் பகுதிக்கு முன்னால் வொல்ஃப்காங் நொய்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் பெர்லின் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். வீட்டில் உட்கார வேண்டாம், சினிமாவுக்குப் போங்கள். கொலையாளி இன்னார்தான் என்று நடிகர் பெயரையே போட்டுவிட்டார். அந்தப் பெயர் சரியாகவும் இருந்துவிட்டது! நாடே கொதித்தது. அவரைத் தேசத் துரோகி என்று எழுதியது ஒரு பெரிய பத்திரிகை.

ஒரு கொலையாளியின் பெயரைச் சொன்னதற்கு ஏன் அவ்வளவு கோபம்? ஜனங்கள் நாள்கணக்கில் வளர்த்த சந்தேகங்களை அந்த ஆள் ஒரே வரியில் கொன்றுவிட்டார். தொடரில் செத்தவர்களுக்காக ஜெர்மனி அவ்வளவு அழுததாகத் தெரியவில்லை.

கொருக்குப்பேட்டையின் நொய்ஸ் ஆக எனக்கு விருப்பமில்லை. ‘விடாது கருப்பு’ முழுவதும் இன்றைக்கு யூடியூபில் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் இருப்பீர்கள், முடிவைச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். கடைசி வாரம் முடிந்து விளக்கைப் போட்டபோது, சாமி கட்சியும் மனுஷன் கட்சியும் ஒரே நேரத்தில் கத்தின: “பாத்தியா, நான் சொன்னேன்ல!” இரண்டு கட்சியும் ஜெயித்ததாக நம்பி வீட்டுக்குப் போன வழக்கு எந்தக் கோர்ட்டிலும் நடந்திருக்காது.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அந்த வாரம் அக்காள் மகன் செல்போனில் தொடரைப் பார்க்க ஆரம்பித்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் செல்போனோடு. சில நாளில் மொத்தத்தையும் முடித்துவிட்டு வந்தான்.

“எப்படிடா இருந்துச்சு?”

“செம மாமா.”

“யார் மேலடா சந்தேகப்பட்ட?”

யோசித்தான். “சந்தேகப்படறதுக்குள்ள அடுத்த எபிசோட் வந்துருச்சு மாமா.”

*

அந்தக் கடைசி வாரத்து இரவுக்குத் திரும்பி வருகிறேன். கூட்டம் கலைகிற நேரம். பிரசிடென்சி அண்ணன் எழுந்து சோம்பல் முறித்தபடி, “இந்த மாதிரி ஒரு மர்மத்த நம்ம ஊர்ல யாருமே பாத்திருக்க மாட்டாங்க” என்றார்.

ஜட்கா தாத்தா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“போடா. இத்தப் போயி மர்மம்னுக்கினு. ராயபுரத்துல நடந்ததுக்கு இது கால் தூசு பெறுமா? ஆளவந்தார் கேஸு கேட்டுக்கிறியா?”

பெரியவர்கள் முகம் மாறியது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பாரிமுனையில் பேனாக் கடை வாசலில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆளவந்தார், 1952 ஆகஸ்ட் 28-இலிருந்து காணவில்லை. எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால், உள்ளே தலையில்லாத உடம்பு. தலை அகப்பட்டது ராயபுரம் கடற்கரை மணலில், நம் தெருவிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில். டிவி இல்லாத காலம். வழக்கு நடந்தபோது பட்டணமே கோர்ட் வாசலில் போய் நின்று பார்த்தது.

“ஒடம்ப வெச்ச பெட்டி தானா நடந்து ஸ்டேஷனுக்குப் போச்சா?” என்றார் தாத்தா. “எவனோ ஒருத்தன் தூக்கித்தானே வண்டியில வெச்சிருக்கணும்? இன்னாத்த தூக்குறோம்னு தெரியாம தூக்கியிருப்பான். அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

அண்ணன் மறுபடியும் உட்கார்ந்தார். ஆயா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் கையிலிருந்த பீடி அணைந்துபோயிருந்தது.

தாத்தா வாயைத் திறந்தார். அதே நேரம் கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்தது.

“ஐயோ, சாத்திடுவான்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வயதில் அப்படி ஓட முடியுமா என்கிற ஓட்டம் ஓடினார். அவர் தண்டவாளத்தைத் தாண்டவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, எண்ணி முடியாத பெட்டிகளோடு, ஊர்ந்து வரத் தொடங்கியது.

(தொடரும்)